நாலு மணி டீ

கேள்வி: எனக்கு வயது 46. மும்பை செம்பூரில் இருக்கிறோம். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி 24 வருடமாக இங்கேதான். கணவருக்கு மாகுலில் ஷிப்ட் வேலை. ஒரே மகள். ஆகஸ்ட் முதல் வாரம் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்த்து, ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். திரும்பும்போது குர்லா எக்ஸ்பிரஸில் ஈரோடு தாண்டும்வரை அழுதேன். வீட்டுக்கு வந்தும் பழக்கதோஷத்தில் மூன்று தட்டு எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போதெல்லாம் அழுகை.

பத்தாம் நாள் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு டீ போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிபன் பண்ண வேண்டாம், கோச்சிங் கிளாஸுக்கு விரட்ட வேண்டாம். மனசு லேசாக இருந்தது. சந்தோஷமாகவே இருந்தது. அடுத்த நிமிஷம் பயந்துவிட்டேன். பெற்ற பெண் வீட்டைவிட்டுப் போனதற்குச் சந்தோஷப்படுகிறவள் என்ன தாய்?

முதல் வாரம் ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கூப்பிட்டாள். இப்போது ஒரு தடவை, அதுவும் 'சொல்லும்மா' என்று அவசரமாக. வாட்ஸ்அப்பில் அவளுடைய லாஸ்ட் ஸீனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டி விழிப்பு வருகிறது, உடனே போனை எடுக்கிறேன். அவளும் அந்த நேரத்தில் ஆன்லைனில் இருக்கிறாள். தீபாவளிக்கு முன்பதிவு திறந்த அன்றே டிக்கெட் போட்டேன். 'என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையேம்மா' என்று கோபித்துக்கொண்டாள். கணவரோ, 'படிக்கத்தானே போயிருக்கா, கல்யாணமா பண்ணிக் குடுத்துட்டோம்?' என்கிறார். காலையில் எழுந்ததும் போனில் கோவையில் மழையா வெயிலா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

இன்னொன்று. ஹாஸ்டல் அறையில் நாலு பெண்களாகக் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கிற போட்டோ ஒன்று அனுப்பினாள். பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் பி.எஸ்சி. கணிதம். மதுரையில் எம்.எஸ்சி. இடம் கிடைத்தது. 'ஹாஸ்டலா?' என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அடுத்த வருடம் கல்யாணம். இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் மோசமான தாயா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நான் இப்படிச் சொன்னதும் உங்களுக்கு நிம்மதி வந்துவிடாது என்று தெரியும். 22 வருடமாக மாட்டுங்காவில் ஆலோசனை சொல்லும் வேலை செய்கிறேன், 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லால் யாருக்கும் குற்ற உணர்வு போய் நான் பார்த்ததில்லை. அதனால் அந்த நாலு மணி டீயிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

நீங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர். சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், இறக்கவும் ஏற்றவும் இன்னொரு ஆள் துணையில்லாமல், அப்படியே அந்தக் கல்லின்மேல் சரித்து வைத்துவிட்டுக் கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொள்ளலாம். பிள்ளைத்தாச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாகத்தான் அவற்றைப் பல ஊர்களில் நட்டார்கள் என்பது இந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வருகிறது. அது போகட்டும். கல்லில் சுமையை வைத்துவிட்டு 'அப்பாடா' என்று மூச்சு விடுகிறவரைப் பார்த்து, சுமையைத் தூக்கிப் போட்டுவிட்டார் என்று யாராவது சொல்வார்களா?

18 வருடம். அதிலும் கடைசி இரண்டு வருடம் என்னவென்று மும்பையில் பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து, டப்பா கட்டி, ஜூனியர் காலேஜ், அது முடிந்து கோச்சிங், ஹார்பர் லைன் கூட்டத்தில் வயசுப்பெண் ஏறி இறங்கி வீடு வந்து சேரும்வரை வயிற்றில் ஒரு கை பிசைந்துகொண்டிருக்கும். படித்தது அவள் என்றாலும் பரீட்சை உங்கள் உடம்புக்கும்தான் நடந்தது. பத்தாம் நாள் நாலு மணிக்கு உங்கள் மனசு உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. தோள் தானாக இறங்கியது, அவ்வளவுதான். அந்த லேசு உண்மை. ஈரோடு வரை அழுததும் உண்மை. எது நிஜமான நான் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பதால்தான் உங்களுக்கு இந்த வலி. தேர்ந்தெடுக்க வேண்டாம். இரண்டும் ஒரே வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல ஆலோசகர் 1970களில், போரில் காணாமல்போன ராணுவ வீரர்களின் குடும்பங்களோடு பேசிப் பேசி ஒன்றைக் கவனித்தார். இறந்தார் என்றால் அழுது முடிக்கலாம், வந்தார் என்றால் கட்டிக்கொள்ளலாம். இரண்டும் இல்லாத இழப்பு மனிதரைக் குழப்புகிறது. தெளிவில்லாத இழப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார். பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்புவதும் அதன் சின்ன வடிவம்தான் என்று பிற்பாடு அவரே விரித்துச் சொன்னார். உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள், கூப்பிட்டால் பேசுகிறாள், லீவுக்கு வருவாள். ஆனாலும் மூன்றாவது தட்டு அலமாரிக்குத் திரும்பிப் போகிறது. இதற்காக யாரிடம் போய்த் துக்கம் சொல்வது?

நம்மிடம் இதற்கு ஒரு சடங்குகூட இல்லை என்பதையும் கவனியுங்கள். மகளைப் பிரிந்த பெற்ற தாயின் புலம்பலுக்குத் தமிழ் அகப்பாடல் மரபில் நற்றாய் இரங்கல் என்று தனித் துறையே உண்டு. ஆனால் அந்த மகள்கள் எல்லாம் காதலனோடு போனவர்கள். படிக்கப் போன மகளுக்காகப் பாட அந்தக் காலத்துப் புலவருக்கு வாய்ப்பில்லை. கல்யாணம் என்றால் பெண்ணை அனுப்பும்போது ஊரே நின்று அழலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஹாஸ்டலுக்கு என்றால் ஒரு பக்கெட், ஒரு மக், கொடிக்கயிறு, பூட்டு. வாங்கிக் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறுகிறோம். உங்கள் கணவர் கேட்டாரே, 'கல்யாணமா பண்ணிக் குடுத்துட்டோம்?' என்று. அவர் அறியாமலே விஷயத்தின் மேலேயே விரலை வைத்திருக்கிறார்.

அவரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியதை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். கவலையே இல்லாத மனிதர் காலையில் எழுந்ததும் கோவையின் வானிலையை ஏன் பார்க்க வேண்டும்? மாகுலில் ஷிப்டுக்குப் போகிறவருக்குக் கோவை மழையால் நனையப்போவது எது? ஆகஸ்ட் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் கோவை சிலுசிலுவென்று இருக்கும். பெண்ணுக்குப் போர்வை போதுமா என்று அந்த மனிதர் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார், கேள்விதான் வாய்வழியாக வரவில்லை. நாளைக் காலையில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, 'அங்கே இன்னைக்கு மழையாங்க?' என்று மட்டும் கேளுங்கள். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். பேச்சு எங்கே போகிறது என்று பாருங்கள்.

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம், ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்தவர்களை அவர்களின் நாற்பதுகளில் தொடங்கி 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனபின் அந்தப் பெண்களுக்குத் தங்கள் மணவாழ்க்கையில் இருந்த நிறைவு கூடியிருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் நேரம் அதிகமானது அதற்குக் காரணமில்லையாம், இருந்த நேரம் இனிமையாக இருந்ததுதான் காரணமாம். அங்கே நடந்தது செம்பூரிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். வெறுமை ஒன்றுதான் இனி மிச்சம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி ராத்திரி ரெண்டு மணி. இங்கே கொஞ்சம் கறாராகப் பேசப்போகிறேன். 'வியர்த்துக் கொட்டி விழிப்பு வருகிறது' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, பழியை மகள்மீது போட்டுவிட்டீர்கள். உங்களுக்கு 46 வயது. இந்தியப் பெண்கள் பலருக்கு மாதவிடாய் நிற்பது 46, 47 வயதை ஒட்டித்தான். அதற்குச் சில வருடம் முன்பிருந்தே தூக்கம் கெடுவது, உடம்பு திடீரென்று கொதித்து வியர்ப்பது, காரணமில்லாமல் கண் கலங்குவது எல்லாம் வரும். மகள் கிளம்புவதும் உடம்பு மாறுவதும் நம் ஊரில் பல பெண்களுக்கு ஒரே சமயத்தில் நடக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். 'பொண்ணு போன ஏக்கம்தான்' என்று அவரே உங்களை அனுப்பப் பார்த்தால் எழுந்து வராதீர்கள், வியர்வையைப் பற்றித் திரும்பவும் சொல்லுங்கள். அதோடு இன்னொன்று: பெரும்பாலான நேரம் எதிலும் மனம் ஒட்டாமல், சாப்பாடு இறங்காமல், இருந்து என்ன பயன் என்கிற மாதிரி எண்ணத்தோடு இரண்டு வாரம் தாண்டினால் அதை ஏக்கம் என்று விட்டுவிடக் கூடாது. 14416, அரசின் டெலி மானஸ் எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

லாஸ்ட் ஸீனுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய் உங்களுடைய லாஸ்ட் ஸீனையும் ஆன்லைனையும் மறைத்துவிடுங்கள். நீங்கள் மறைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது, அது அந்தச் செயலியின் விதி. உங்கள் மன உறுதியைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. போனை ராத்திரி சமையலறையில் சார்ஜ் போடுங்கள். ஹாஸ்டல் பெண்கள் ரெண்டு மணிக்கு விழித்திருப்பது ஒரு செய்தியே கிடையாது. அசைன்மென்ட் எழுதுவார்கள், அரட்டை அடிப்பார்கள், ஒருத்தி அழுதால் மற்ற மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். 'ஆன்லைன்' என்ற ஒரு சொல்லை வைத்து இதில் எது நடக்கிறது என்று எந்தத் தாயாலும் கண்டுபிடிக்க முடியாது.

அஞ்சு தடவை கூப்பிட்டவள் ஒரு தடவைக்கு வந்திருக்கிறாள் என்பது எனக்கு நல்ல சேதியாகப் படுகிறது. டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தைநல மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1958-இல் தனியாக இருக்கும் திறன் பற்றி எழுதினார். ஒரு குழந்தை தனியாக இருக்கப் பழகுவது தனியாக விடப்படுவதால் நடக்காது, தாய் பக்கத்தில் இருக்கும்போது தன் பாட்டுக்கு விளையாடி விளையாடித்தான் அது அந்தத் திறனைப் பெறுகிறது என்றார். நீங்கள் அடுப்படியில் இருக்க, அவள் ஹாலில் தன்பாட்டுக்கு ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்த சாயங்காலங்களில் சேர்த்து வைத்ததைத்தான் கோவையில் செலவழிக்கிறாள். ஆகவே ஒரு நாளைக்கு ஒன்று போதும். நேரத்தை அவளே சொல்லட்டும். 'சாப்பிட்டியா'வை விடச் சொல்ல மாட்டேன், நம்மால் முடியாது. ஆனால் அதற்குப் பிறகு உங்கள் பக்கத்துக் கதையைச் சொல்லுங்கள்: சேடா நகர் முருகன் கோவில் படியில் யாரைப் பார்த்தீர்கள், மீன்காரம்மா என்ன விலை சொன்னாள், அப்பா எதைத் தொலைத்துவிட்டுத் தேடினார். விசாரணை இல்லாத போன் என்றால் பிள்ளைகள் சீக்கிரம் வைக்க மாட்டார்கள். இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. என் மகன் டெல்லிக்குப் போனபோது ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிற நான், நாலு மாதம் வரைக்கும் கடையில் இட்லி மாவு ஒரு கிலோ அதிகமாகவே வாங்கிக்கொண்டிருந்தேன். புளித்துப் புளித்துக் கீழே கொட்டினேன். போனில் அவனிடம் நான் கேட்ட கேள்விகளை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இப்போது அந்தப் போட்டோ. நீங்கள் கடைசியில், வெட்கப்பட்டுக்கொண்டு எழுதியதுதான் கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

21 வயதில் கையில் ஒரு இடம் கிடைத்து, அது 'ஹாஸ்டலா?' என்ற ஒற்றைச் சொல்லில் போனது. அதற்கு நீங்கள் அழுதீர்களா? கடிதத்தில் இல்லை. அடுத்த வருடம் கல்யாணம் என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த வருடம் நீங்களும் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்பினீர்கள், இரண்டு ராத்திரி ரயிலில், பாஷை தெரியாத ஊருக்கு. அப்போது நாலு பெண்கள் ஒரே கட்டிலில் சிரிக்கவில்லை. இப்போது உங்கள் மகளின் போட்டோவில் உங்களுக்குத் தெரிந்தது அவள் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கிடைக்காத ஒன்றை 25 வருடம் கழித்துக் கண்ணெதிரே, நிறத்தோடும் சத்தத்தோடும் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். எரிந்துகொண்டே அவளுக்கு ஃபீஸ் கட்டியிருக்கிறீர்கள், பெட்டி கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள், கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள். அவள் போகக் கூடாது என்று நீங்கள் ஒரு இடத்திலும் எழுதவில்லை. பொறாமை இருந்தும் வழிவிட்டவரை மோசமான தாய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கேட்கப்படாத பொறாமை சும்மா இருக்காது. வேறு வேஷத்தில் வரும். 'நாங்கள்லாம் இப்படியா இருந்தோம்' என்று வரும். அக்கறை மாதிரியே கூட வரும். தீபாவளி டிக்கெட்டை நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கும், குர்லா ரயிலில் தீபாவளிக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, காலை எட்டு மணிக்கே போனோடு உட்கார்ந்திருப்பீர்கள், எல்லாம் புரிகிறது. ஆனால் அவள் சொன்னது என்ன? 'என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே.' மதுரை எம்.எஸ்சி. விஷயத்தில் உங்கள் அப்பாவிடம் நீங்கள் சொல்லாமல் விழுங்கிய வாக்கியமும் இதுதான் இல்லையா? அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அம்மாவிடம் சொல்லலாம் என்ற தைரியம் இருந்ததால் சொல்லியிருக்கிறாள். அந்தத் தைரியத்தைக் கொடுத்ததும் நீங்கள்தான்.

அதனால் டிக்கெட் இருக்கட்டும். 'போட்டு வச்சிருக்கேன், உனக்கு வர முடிஞ்சா வா, இல்லேன்னா கேன்சல் பண்ணிடலாம்' என்று ஒரு வரி அனுப்புங்கள். நேரத்தோடு ரத்து செய்தால் போகிற பணம் பெரிதில்லை. அனுப்பிவிட்டு அதைப் பற்றித் திரும்பக் கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

எம்.எஸ்சி. கதையை அவளிடம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். சொல்லலாம். போனில் வேண்டாம், நேரில். 'உனக்காக நான் எதையெல்லாம் விட்டேன் பார்' என்ற பில் மாதிரி இல்லாமல், 'எனக்கு ஒரு தடவை இப்படி நடந்துச்சு' என்ற கதையாகச் சொல்ல முடிகிற அன்றைக்குச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உங்கள் கணவரிடமோ, பழைய சிநேகிதியிடமோ ஒரு முறை சொல்லிப் பாருங்கள். முதல் தடவை சொல்லும்போது எப்படியும் அழுகை வரும், அந்த அழுகை மகள்மீது விழ வேண்டாம்.

'அப்படியானால் இப்போது படியுங்களேன்' என்று உங்களைச் சுற்றி யாராவது சொல்வார்கள். இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர வயது வரம்பு கிடையாது, ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை நடக்கும், கணிதத்தில் எம்.எஸ்சி.யும் அங்கே இருக்கிறது. தகவல் கையில் இருக்கட்டும் என்று சொன்னேன், அவ்வளவுதான். காலியான நேரத்தைப் பார்த்ததும் அதை நிரப்பத் துடிக்கிற கைகளை எனக்குத் தெரியும், என் கைகளும் அப்படிப்பட்டவைதான். இந்த ஜனவரிக்கு அவசரப்பட வேண்டாம். 18 வருடத்துக்குப் பிறகு கிடைத்திருக்கிற நாலு மணியை இன்னொரு கோச்சிங் கிளாஸாக மாற்றிவிடாதீர்கள். கொஞ்ச நாள் டீயை மட்டும் குடியுங்கள்.

தீபாவளிக்கு அவள் வந்தால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். முதல் நாள் முழுக்கத் தூங்குவாள், இரண்டாம் நாள் பள்ளித் தோழிகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள், நீங்கள் சுட்டு வைத்த முறுக்கை ஹாஸ்டலுக்கு என்று டப்பாவில் அடைத்துக்கொள்வாள். நீங்கள் மடித்து வைத்திருக்கும் அவளுடைய பழைய சுடிதார் எதையும் போட மாட்டாள். சாப்பாட்டில் இல்லாத குறை சொல்வாள், அல்லது மெஸ்ஸில் இப்படிக் கிடைக்காதும்மா என்று நாலு தோசை கூடத் தின்பாள். திலக் நகரில் ரயில் ஏற்றிவிட்டு வரும் அன்று, ஆகஸ்டை விட அதிகமாகவும் அழலாம், அழுகையே வராமலும் போகலாம். எதுவானாலும் எழுதுங்கள்.

டாக்டரை மட்டும் தீபாவளிக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். அந்த வியர்வையைப் பற்றித்தான்.